ஆளுக்கு இரண்டு வத்தல்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மிளகாய் வத்தல் வறுத்தால் ஏழு வீட்டில் தும்முவார்கள். ஏரலுக்கும் கொற்கைக்கும் இடையில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே மூக்குக்கு எல்லாம் தெரிந்துவிடும். எண்ணெய் விட்டு வறுக்கிறார்களா, வெறும் சட்டியிலா, மல்லியும் கூட விழுந்ததா, கறிவேப்பிலை பொரிந்ததா என்று தெருமுனையிலேயே சொல்லலாம். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடி, "மேல வீட்ல இன்னைக்கு உப்பு போடாம வறுக்கா. அதான் இந்தக் கமறல்" என்பாள். வத்தல் சட்டியில் விழுந்ததும் இரண்டு கல் உப்பை எறிந்தால் நெடி அடங்கும் என்பது அவள் வழக்கம். நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

அது 1970களின் நடுப்பகுதி. மீன் குழம்புக்கு எங்கள் வீட்டில் பொடி கிடையாது, அரைப்புத்தான். ஆச்சி வத்தல் டப்பாவைத் திறந்து எண்ணி எடுப்பாள். ஆளுக்கு இரண்டு வத்தல். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் ஓர் ஆள். சாளை நெய் கட்டின மீன், அதற்கு மூன்று வத்தல் கூட. விளமீனுக்கும் முரலுக்கும் இரண்டைக் குறைக்க வேண்டும். அடைமழை நாளில் ஒன்று கூட்டலாம், சித்திரை வெயிலில் கூடாது. யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் வத்தலைப் பாதியாக்கி, அந்த இடத்தில் நல்லமிளகு. கரண்டியோ கிராமோ அந்தக் கணக்கில் வரவே வராது. இன்றைக்கு வீட்டில் எத்தனை பேர், அதில் யாருக்கு என்ன, வந்தது என்ன மீன் என்று தெரியாமல் ஆச்சியால் குழம்பைத் தொடங்கவே முடியாது.

அரைக்கிற வரிசையும் மாறக்கூடாது. முதலில் வத்தல், கல் உப்போடு, தண்ணீர் தெளித்துத் தெளித்து. தோல் மசிந்து விதை நொறுங்கிய பிறகு மல்லியும் சீரகமும். அப்புறம் தேங்காய். கடைசியில் உள்ளி, அது நசுங்கினால் போதும். வழித்தெடுத்த பின் அம்மியைக் கழுவின தண்ணீரும் குழம்புக்குத்தான் போகும். பத்து வயதில் அந்தக் குழவி என் கைக்கு வந்தது. முதல் வாரம் இரவெல்லாம் உள்ளங்கை எரிந்தது. தண்ணீரில் முக்கி முக்கி வைத்தும் பயனில்லை. காரத்துக்குக் காரணமான காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும் என்பதைப் பின்னால் படித்தேன். ஆச்சி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. நல்லெண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டு, சீயக்காய் போட்டுக் கழுவச் சொன்னாள். எரிச்சல் நின்றது.

ஒரே குழம்பு எப்படி ஊருக்கு ஊர் மாறியது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். தூத்துக்குடிப் பக்கம் என்றால் அவர்களுக்கு எல்லாம் ஒரே கடற்கரை. உள்ளே வந்து பார்த்தால் மண்ணே நாலு விதம். ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றுப்பாசனம். நெல்லும் வாழையும் வெற்றிலையும் தென்னையும். ஆகவே எங்கள் குழம்பில் தேங்காய் தாராளம். வடக்கே விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் கரிசல் மண். ஐப்பசி மழையை நம்பி மிளகாய் போட்டு, தை பிறந்ததும் பழம் பறிக்கத் தொடங்கி, களத்திலும் சாலையோரத்திலும் சிவப்பாய் விரித்துக் காயவைக்கிற ஊர்கள் அவை. அங்கே தேங்காய் விலை கொடுத்து வாங்குகிற சாமான், வத்தல் வீட்டுச் சாமான். கரிசல்காட்டு மீன் குழம்பில் தேங்காயைத் தேட வேண்டாம். வத்தலும் புளியும் மேலே மிதக்கிற நல்லெண்ணெயும்தான். தெற்கே உடன்குடித் தேரியில் பனை. அங்கே புளியின் முனையை மழுக்க ஒரு சிறு துண்டு கருப்பட்டி போடுகிற வீடுகள் உண்டு.

கடலோரத்துக் குழம்பு இன்னொரு வகை. புன்னைக்காயலிலும் பழையகாயலிலும் மணப்பாட்டிலும் மீன் கரைக்கு வந்த சூட்டில் சட்டிக்குப் போய்விடும். அந்த மீனுக்கு மசாலா அதிகம் வேண்டியதில்லை. படகில் வைக்கிற குழம்பு இன்னும் சுருக்கம்: வத்தல், புளி, உப்பு, கொஞ்சம் உள்ளி. புன்னைக்காயலிலிருந்து கடவப்பெட்டியில் மீன் சுமந்து முதல் பஸ்ஸில் வருகிற அக்கா ஒருத்தி எங்கள் ஆச்சியிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க மீனைத் தின்னுதீங்களா, மசாலாவைத் தின்னுதீங்களா ஆச்சி? எங்க ஊர்ல வந்து ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்க." ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. "ஒங்க ஊர்ல மீன் துள்ளும். இங்க வாறதுக்குள்ள அது களைச்சிருதில்லா" என்றாள். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தச் சமையல் புத்தகத்திலும் படித்ததில்லை. கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக அரைப்பு கனத்துக்கொண்டே போகும்.

ஆனால் ஆச்சிக்குக் கோபம் வந்த நாளும் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம் எங்கள் தெருவில் வாடகைக்கு வந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் கொழும்பு அத்தை என்று கூப்பிட்டோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் உறவு பழையது. 1914இல் பாம்பன் பாலம் வருவதற்கு முன்னால் இலங்கைக்குப் போகிறவர்கள் பலர் ரயிலில் தூத்துக்குடி வந்து கப்பலேறினார்கள். அதற்குப் பிறகும் தோணிகள் போய்வந்துகொண்டே இருந்தன. இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வேறு ருசி பழகிவிட்டார்கள். கொழும்பு அத்தை அரைப்பதில்லை. வத்தலையும் மல்லியையும் நன்றாகக் கறுக்க வறுத்து, பெருஞ்சீரகம், சீரகம், வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து இடித்து ஒரு தூள் வைத்திருந்தார். அந்தத் தூளைத் தேங்காய்ப்பாலில் கரைத்து மீன் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் எங்களுக்குக் கொடுத்தனுப்பினார்.

ஆச்சி விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "மீனுக்கு யாராவது பெருஞ்சீரகம் போடுவாவளா? இது ஆட்டுக்கறி வாசம்லா அடிக்கி." அத்தையிடமே கேட்டும்விட்டாள். "எங்கட பக்கம் அது இல்லாமல் தூளே இல்லை, மாமி" என்றார் அத்தை, சிரித்தபடி. எனக்கு அந்தக் குழம்பு பிடித்திருந்தது. சொல்லத்தான் பயம். ஓர் ஆண்டு கழித்து ஒரு மத்தியானம், அத்தை வீட்டுக் கிண்ணத்தை ஆச்சி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தன் குழம்பில் அவள் கடைசிவரை பெருஞ்சீரகம் சேர்க்கவில்லை. அடுத்த வீட்டில் அது இருப்பதை மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

காயல்பட்டினத்தில் குழம்பு என்ற சொல்லே வேறு. அங்கே அது ஆணம். மீன் ஆணம், புளியாணம். கல்லூரித் தோழியின் வீட்டில் அவள் உம்மா வைத்த கறியில் ரம்பை இலை மணக்கும். அதுவும் இலங்கைத் தொடர்பில் வந்ததுதான். கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் போனால் தேங்காயை வறுத்து அரைப்பார்கள், சாளையைப் புளிமுளம் வைப்பார்கள், சில வீடுகளில் புளிக்குப் பதில் குடம்புளி. நாகப்பட்டினம் பக்கம் தாளிப்பில் வடகம் விழாமல் மீன் குழம்பு முடியாது. ஒவ்வொருவரும் தங்களுடையதுதான் மீன் குழம்பு, மற்றது வேறேதோ என்று நம்பினார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மிளகாயும் மாட்டிறைச்சியும் போட்டு வைக்கிற சில்லி என்ற குழம்பிலும் இதே வழக்கு உண்டு. 1977இல் அதை மாநில உணவாகவே அறிவித்தார்கள். அதில் பீன்ஸ் சேர்க்கலாமா கூடாதா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. மிளகாய் பிறந்த கண்டத்திலேயே அப்படி என்றால், அது கடல் தாண்டி வந்து குடியேறிய எங்கள் ஊரில் நாலு மண்ணுக்கு நாலு குழம்பு இருந்ததில் வியப்பில்லை.

மிளகாய் வந்து குடியேறியது என்பதைத்தான் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். கொற்கையில் நின்று அதைச் சொன்னால் இன்னும் நம்ப மாட்டார்கள். பாண்டியரின் துறைமுகமாக இருந்த அந்த ஊரிலிருந்து கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் அதைத் தள்ளிவிட்டது. அக்கசாலை ஈசுவரர் கோயிலும், பழைய வன்னி மரமும், நெல் வயலும்தான் இன்று கண்ணில் படுகிறவை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் இந்த ஊர் கொல்கோய் என்று வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு இங்கே முத்துக்குளித்தார்கள் என்கிறது அந்தக் குறிப்பு. அந்தக் கைதிகளுக்குப் போட்ட சோற்றில் மிளகாய் இல்லை. அந்த முத்தை வாங்கி விற்ற வணிகன் வீட்டிலும் இல்லை, பாண்டியன் அரண்மனையிலும் இல்லை.

பக்கத்துச் சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒன்றில் இருந்த நெல், கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். எங்கள் சோற்றுக்கு மூவாயிரத்து இருநூறு வயது. அதன்மேல் ஊற்றுகிற குழம்பின் காரத்துக்கு ஏறக்குறைய ஐந்நூறு வயதுதான். 1492க்குப் பிறகுதான் மிளகாய் அமெரிக்கக் கண்டத்தை விட்டே வெளியேறியது. போர்த்துக்கீசியர் கப்பல்களில் அது இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. அதே போர்த்துக்கீசியர் எங்கள் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கும் வந்தார்கள். 1530களில் பரதவர் ஊர்கள் மதம் மாறின, 1542இல் சவேரியார் மணப்பாட்டில் கரையேறினார். மதம் மாறிய கதையை ஆண்டு வாரியாக எழுதி வைத்திருக்கிறோம். நாக்கு மாறிய கதை எந்தக் கோயில் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகுதான். சங்க காலத் தமிழில் கறி என்ற சொல்லுக்கே மிளகு என்று பொருள். புதிதாக வந்த காய்க்கு நம் ஆட்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: மிளகு போல உறைக்கிற காய், மிளகாய். இரண்டு செடிகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மிளகு மலையில் மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி. மிளகாய் கத்தரிக்காயின் சொந்தம். மலைநாட்டு மிளகுக்குக் காசு கொடுக்க வேண்டும், மிளகாய் எங்கள் கரிசலிலேயே விளைந்தது. ஏழை வீட்டுக்குக் காரம் மலிவானது அன்றுதான். மெல்ல மெல்ல வந்தவள் வீட்டுக்காரியாகி, பழையவளுக்கு அடைமொழி தேவைப்பட்டது. நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் மிளகை நல்லமிளகு என்கிறோம். அந்த 'நல்ல' என்ற சொல்லில் ஒரு பெரிய இடமாற்றம் பதிந்து கிடக்கிறது.

மிளகு முழுக்கப் போய்விடவும் இல்லை. சிராத்தச் சமையலில் இன்றும் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். முன்னோருக்குப் படைக்கும்போது முன்னோர் அறிந்த காரத்தை மட்டும் படைக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் அப்படியே. எங்கள் கடற்கரையில் பால் சுறாவை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் நல்லமிளகும் போட்டுப் புட்டாக்கிக் கொடுப்பார்கள். தாய்ப்பால் ஊறும் என்பது நம்பிக்கை. என் முதல் பேறுகாலத்தில் ஆச்சி நாற்பது நாளும் வத்தலை என் கண்ணில் காட்டவில்லை. உடம்பு தளர்ந்திருக்கும்போது நாங்கள் கொற்கைத் துறைமுகத்துச் சமையலுக்குத்தான் திரும்பிப் போகிறோம்.

எங்கள் வீட்டில் மிக்ஸி 1980களின் கடைசியில் வந்தது. ஆச்சி அதில் அரைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "வெட்டிப் போட்டிருக்கு, அரைக்கலை" என்றாள். அவள் சொன்னது உண்மை. மிக்ஸியின் கத்தி நறுக்கும், குழவி நசுக்கும். நசுக்கினால் வத்தலின் தோலிலும் மல்லியிலும் இருக்கிற எண்ணெய் வெளியே வரும். ஆனால் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் மிக்ஸியைத் துடைத்துத் துணி போட்டு மூடிவைத்தாள். விடியற்காலைச் சட்னியிலிருந்து ராத்திரித் துவையல்வரை ஒரு நாளில் இரண்டு மணி நேரம் அம்மி முன்னால் குனிந்திருந்த இடுப்பு அவளுடையது. அம்மிக்குழம்பை நினைத்து ஏங்குகிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மி திரும்பி வர வேண்டும் என்று அம்மா ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். 2011இல் அரசு இலவசமாக மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியபோது, விலை கொடுத்து வாங்க முடியாத வீடுகளிலும் அந்த இரண்டு மணி நேரம் மிச்சமானது. அதன் மதிப்பை அரைத்த கையிடம்தான் கேட்க வேண்டும்.

மிக்ஸியைவிடப் பெரிய மாற்றம் பொட்டலத்தில் வந்தது. 1970களில் ஈரோட்டில் தொடங்கிய சக்தி, 1995இல் வந்த ஆச்சி என்று வரிசையாக மசாலாப் பெயர்கள் கடைகளில் சரமாகத் தொங்கின. மிளகாயும் மல்லியும் மற்றதும் கலந்த குழம்பு மிளகாய்த்தூள் என்ற ஒன்று எங்கள் பக்கத்து அடுக்களைக்குள் நுழைந்தது. ஆண்டுக்கு வேண்டிய வத்தலைச் சித்திரையில் மொத்தமாக வாங்கி வைக்கக் கையில் பணம் வேண்டும், போட்டுவைக்க இடமும் வேண்டும். உப்பளத்தில் கூலி வாங்குகிற பெண்ணுக்கு இரண்டுமில்லை. அன்றைய கூலியில் அன்றைக்கு ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி, ஒரு கரண்டி போட்டு, பத்து நிமிடத்தில் குழம்பை இறக்கிவிட்டு அவள் படுக்கலாம். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. பொட்டலத்துக்குள் இருக்கிற அளவு யாரோ தீர்மானித்தது. அதில் சாளைக்கும் விளமீனுக்கும் ஒரே காரம், மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் ஒரே மல்லி. கரிசல்காட்டுக்காரிக்கும் ஆற்றங்கரைக்காரிக்கும் ஒரே பொடி. மேல வீட்டுக் குழம்பும் கீழ வீட்டுக் குழம்பும் ஒன்று போல மணக்கிற தெருவில் இப்போது நான் நடக்கிறேன். படகில் மீன் குழம்பு வைப்பதைத் தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்கள் யூடியூபில் காட்டுகிறார்கள். விரும்பிப் பார்ப்பேன். மீனை அரிகிற கை அதே கைதான். வத்தலை நசுக்கிப் போட்ட இடத்தில் பொட்டலத்தைக் கிழிக்கும்போது மட்டும் மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது.

வத்தலும் மாறிவிட்டது. ஆச்சி எண்ணியது முண்டு வத்தலை. உருண்டையாக, தடித்த தோலோடு, கைக்குள் குலுக்கினால் விதை கலகலக்கும். இராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு எங்கள் ஆத்தூர் வெற்றிலைக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கும் கிடைத்தது. பெருமைதான். ஆனால் ஏரல் கடைத்தெருவில் முண்டு கேட்டால், "குண்டூர் நீட்டு இருக்கு, சிவப்பா இருக்கும், எடுத்துக்கிடுங்க" என்கிறார்கள். எல்லாரும் சிவப்பைக் கேட்கிறார்கள். ஆச்சியின் குழம்பு சிவப்பே இல்லை; மல்லியும் தேங்காயும் சேர்ந்து, மழையில் நனைந்த செங்கல் நிறத்தில் இருக்கும். என் மகன் கல்லூரி விடுதியிலிருந்து வந்த ஒரு விடுமுறையில் அந்த நிறத்தைப் பார்த்து, "ஏம்மா, காரமே போடலியா?" என்று கேட்டான். ஒரு வாய் வைத்ததும் தண்ணீர்ச் செம்பைத் தேடினான். காரத்தைக் கண்ணால் பார்க்கிற பழக்கம் எப்போது வந்தது என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சிவப்பு ஆசைதான் கலப்படத்துக்கும் வாசல் திறந்தது. 2003இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் சூடான் என்ற சாயத்தை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். செய்தி வந்த பிறகு எங்கள் உறவில் நாலைந்து வீடுகள் மறுபடி வத்தல் வாங்கிக் காயப்போட ஆரம்பித்தன.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை கடந்து ஏரலுக்குள்ளும் சுற்றியிருந்த ஊர்களுக்குள்ளும் புகுந்தது. அண்ணனும் மதினியும் மச்சு வீட்டுக்காரர்களின் மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து நான் போய்ச் சேர ஆறு நாள் ஆனது. வீட்டுக்குள் முழங்கால்வரை சேறு. மிக்ஸி, கிரைண்டர், குளிர்பெட்டி எல்லாம் சேற்றில். சித்திரையில் திரித்து வைத்திருந்த குழம்புப் பொடி டின்னோடு போய்விட்டது. மின்சாரம் இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் இயக்க எதுவும் மிச்சமில்லை.

கொல்லையில் வேப்பமரத்தடியில் ஆச்சியின் அம்மி மட்டும் போட்ட இடத்தில் கிடந்தது. அதை எந்த வெள்ளமும் அசைக்காது. மதினி மண்வெட்டியால் சேற்றை வழித்து, ஆறேழு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கொத்தி எத்தனையோ ஆண்டு ஆகியிருந்தது. குழவி வழுக்கிக்கொண்டு ஓடியது. 'அம்மி கொத்தலையோ' என்று கூவிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தே இருபது ஆண்டு இருக்கும். அண்ணன் ஓர் உளியை எடுத்து, தெரிந்தவரையில் தட்டிக் கொடுத்தார்.

எங்களுக்கு வந்த நிவாரணப் பையில் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி இருந்தன. மாடி வீட்டு அம்மா தன் டப்பாவில் நனையாமல் தப்பிய வத்தலைக் கொண்டுவந்தார். யாரோ கத்தரிக்காய் கொடுத்திருந்தார்கள். மூன்று குடும்பத்துக்கு ஒரே அடுப்பு. மதினி வத்தலை முறத்தில் கொட்டிவிட்டுத் திரும்பிக் கேட்டாள்: "எத்தனை பேருக்கு?"

பதினாலு பேர், அதில் நாலு பிள்ளைகள். முறத்தில் இருந்தது பத்தொன்பது வத்தல். மதினி விரலை மடக்கினாள். பெரியவர்கள் பத்து, பிள்ளைகள் சேர்ந்து இரண்டு ஆள், ஆக இருபத்திநாலு வேண்டும். ஐந்து குறைகிறது. மாடி வீட்டு அம்மா உள்ளே போய் ஒரு பிடி நல்லமிளகு எடுத்து வந்தார். மதினியின் மகளுக்கு இருபத்தாறு வயது, சென்னையில் கணினி வேலை. குழவியைப் பிடிக்கிற விதமே அவளுக்குத் தெரியவில்லை. நான் அவள் கைமேல் கை வைத்து உருட்டிக் காட்டினேன். முதலில் வத்தல், உப்போடு. அன்று அவள் கையும் எரிந்தது. மதினி எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். குழம்பில் லேசாகச் சேற்று வாசம் இருந்தது. எல்லாரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள்.

அடுத்த சித்திரையில் அந்தப் பெண் சென்னையிலிருந்து போன் செய்தாள். "அத்தை, இந்த வருஷம் எனக்கும் சேர்த்துப் பொடி திரிச்சு அனுப்புங்க. அளவு சொல்லுங்க, நான் எழுதி வச்சுக்கிடுதேன்." அளவு என்று சொல்ல ஆச்சி எனக்கு எதுவும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நானும் மதினியும் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு வத்தலை ஓர் ஆண்டுக்குப் பெருக்கி, நிறுத்துப் பார்த்து, ஒரு கிலோ வத்தலுக்கு ஒன்றரைக் கிலோ மல்லி என்று முதல் தடவையாகக் காகிதத்தில் எழுதினோம். சீரகம், நல்லமிளகு, கொஞ்சம் வெந்தயம், விரலி மஞ்சள். பெருஞ்சீரகம் என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். மதினி அதை அடித்துவிட்டாள்.

காம்பு கிள்ளி, மூன்று நாள் மாடியில் காயவைத்து, நாலாம் நாள் காலையில் மில்லுக்குப் போனோம். மாவு மில்லில் ஒரு பக்கம் அரிசி மாவுக்கு, ஒரு பக்கம் வத்தலுக்கு. வத்தல் பக்கம் நிற்கிறவர்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தார்கள். தரையில் டின்கள் வரிசை பிடித்திருந்தன. மூடியில் வீட்டுப் பெயரோ தலைப்பெழுத்தோ எழுதியிருந்தது. ஓர் இயந்திரத்தில் திரிக்கும்போது முந்தின வீட்டுப் பொடி கொஞ்சம் உள்ளே தங்கி, அடுத்த வீட்டுப் பொடியோடு கலந்து விழும். அதனால் யாருக்குப் பின்னால் நிற்பது என்பது அங்கே முக்கியம். மதினிக்கு முன்னால் ஒரு பெண் சாம்பார்ப் பொடிக்கு வந்திருந்தாள். "பெருங்காயம் போட்டிருக்கியாம்மா? அப்ப எங்களுக்கு முன்னால நீ வேண்டாம். அடுத்த ஆள் திரிக்கட்டும்" என்று மதினி எங்கள் டின்னைக் காலால் ஓர் இடம் பின்னால் தள்ளினாள்.

இடையில் வந்து சேர்ந்தவர் ஒரு வயதான அம்மா. புதூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம், கரிசல் முண்டு கொண்டுவந்திருந்தார். டின்னைத் திறந்து காட்டினார். உருண்டை உருண்டையாக, கருஞ்சிவப்பில். மதினி ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல திரிங்கம்மா" என்றாள். "ஒங்களுக்குப் பின்னாலயே நாங்க போட்டுக்கிடுதோம்."